இரட்டை எடை, பாதி வேகம்

காரைக்காலில் நல்ல ஈயம் வேண்டுமென்றால் கடைத்தெருவில் தேடிப் பயனில்லை. வலை கட்டுகிறவர்களிடம் போக வேண்டும். வலையின் அடிவிளிம்பில் கோக்கிற ஈயக் குண்டுகளில் கசடு குறைவு. இரும்புக் கரண்டியில் போட்டு உருக்கினால் மேலே கொஞ்சம் சாம்பல் மிதக்கும். அதை வழித்துவிட்டு, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தில் ஒரு துளி சேர்த்தால், துப்பாக்கிக் குண்டு வார்ப்பதற்கு அதைவிட நல்ல சரக்கு இந்தப் பக்கத்தில் கிடையாது.

தையல்நாயகி, இதை உனக்குத்தான் எழுதுகிறேன். இந்தக் கிழவன் ஏன் ஈயத்தில் ஆரம்பிக்கிறான் என்று நினைப்பாய். எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பழகியவன் நான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினாறு வருஷம் ஆர்முரியேவாக இருந்தேன். அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவன். சண்டை போட்ட சிப்பாய்களான சொல்தாக்கள் வேறு, அவர்கள் கையிலிருந்தது சுடுமா சுடாதா என்று பார்த்துக் கொடுத்த என்னைப் போன்றவர்கள் வேறு. சைகோனிலும் சரி, அல்ஜேரியாவிலும் சரி, நான் ஒரு மனிதனைக்கூடச் சுட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, விவரத்துக்காகச் சொல்கிறேன்.

அறுபத்து மூன்றில் பென்ஷனோடு ஊர் திரும்பி, நெரவியில் என் பங்குக்கு வந்த தென்னந்தோப்பில் வீடு கட்டிக்கொண்டு உன் மமாவோடு, என் மனைவி ரோசலியோடு, குடிவந்தேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. அதற்காக ரோசலி எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்பது அவளுக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். எனக்கு இருந்த ஒரே ஆடம்பரம், பிரான்சிலிருந்து கொண்டுவந்து லைசென்ஸ் வாங்கிய வேட்டைத் துப்பாக்கி. வேட்டைக்கு நான் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை டவுனில் பூசை கண்டுவிட்டு வந்து, காப்பி குடித்துவிட்டு, தோப்பின் மேற்குக் கோடியில் இடிவிழுந்து மொட்டையாக நின்ற ஒரு தென்னையில் ஒரே ஒரு தோட்டா சுடுவேன். துப்பாக்கியும் கையும் துருப்பிடிக்காமல் இருப்பதற்காக. ஊருக்கு அது பழகிப்போயிற்று. "முசியே வெடி போட்டாச்சு, ஒலையப் போடு" என்று வயலில் பெண்கள் சொல்லிக்கொள்வார்களாம்.

அந்த மொட்டைத் தென்னைக்குப் பின்னால் முள்வேலி. வேலிக்கு அப்பால் ஒரு துண்டு வயல். வயலுக்கு அப்பால் கருப்பையனின் கீற்று வீடு. நான் நிற்கிற இடத்திலிருந்து மரம் இருபது தப்படி, மரத்திலிருந்து அந்த வீடு இன்னும் அறுபது தப்படி. மனிதர் குடியிருக்கிற திசையில் சுடலாமா என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்விதான். மற்ற மூன்று பக்கமும் ரோடும் என் வீடும் இளந்தென்னைகளும். ஆறு வருஷமாக அந்த மரம் வாரம் தவறாமல் என் குண்டுகளை விழுங்கிக்கொண்டு நின்றது. ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

கருப்பையனை அப்போதே எனக்கு நன்றாகத் தெரியும். மிராசுதாருடைய வயல்களுக்குக் காவல்காரன். கதிர் முற்றுகிற மாதத்தில் கொக்கையும் குருவியையும் விரட்ட மிராசுதார் வீட்டு நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவன் கையில் இருக்கும். குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டிக் கந்தலைத் திணித்துச் சுடுகிற பழைய ஜாதி. சாராயக்கடைக்குப் போவான், போனால் சத்தம் போடுவான், மறுநாள் பூனை மாதிரி இருப்பான். அவன் பெண்டாட்டி அல்லி எங்கள் தோப்பில் விழுகிற மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போக வருவாள். நல்ல பெண். உனக்கு அவள் மூக்கு.

எழுபத்தைந்தில் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. கம்பெனித் தோட்டா கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வரவழைக்கவும் வழியில்லை. ஐந்தே ஐந்துதான் மிச்சம். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளை நான் எறிந்ததே இல்லை. பிரான்சிலிருந்து வந்த ஒருவர் மூலம் கூட்டின் அடியில் பொருத்துகிற கேப்புகள் கொஞ்சம் கிடைத்தன. மருந்து குறைவாகத்தான் இருந்தது. ஆகவே ஒன்று செய்தேன். கம்பெனிக் குண்டு பத்து கிராம். நான் இருபது கிராமில் ஈயக் குண்டு வார்த்தேன். மருந்தைக் குறைத்துப் போட்டேன். கம்பெனிக் குண்டு வினாடிக்கு எண்ணூறு மீட்டர் போகும். என்னுடையது நானூறு போகும் என்று கணக்கு.

இந்த இடம் உனக்குத் தெரிந்த இடம். போன வருஷம் ப்ளஸ் டூ பரீட்சைக்கு உந்தம், ஆற்றல் இரண்டுக்கும் வித்தியாசம் புரியவில்லை என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அப்போது நான் போட்டுக் காட்டிய கணக்கு இதேதான். எடையை இரட்டித்து வேகத்தைப் பாதியாக்கினால் உந்தம் அப்படியே இருக்கும், ஆற்றல் பாதியாகிவிடும். "இது எப்படி பப்பா, ஒண்ணு மாறாம ஒண்ணு மாறும்?" என்று கேட்டாய். வேகத்தின் வர்க்கம் என்று விளக்கினேன். உனக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்கு அது புரிய ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

பட்டாளத்து ஆர்முரியே பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்தார்கள். எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு ஆற்றல், எவ்வளவு தூரத்தில் அது எவ்வளவு குறையும் என்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உந்தத்துக்கு அந்த அட்டவணையில் பத்தியே கிடையாது. ஆகவே என் புத்தியிலும் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. என் கூட்டாளி சார்லுக்கு அட்டவணை எதுவும் தெரியாது. அவன் காட்டில் நின்று சுட்ட சொல்தா. டவுனில் எங்கள் பட்டாளத்துப் பென்ஷன்காரர் சங்கத்தில் உட்கார்ந்து நான் என் புதுத் தோட்டாவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னபோது அவன் முகத்தைச் சுளித்தான்.

"பாதி சக்தின்னா பாதி ஆழந்தானே போவும். மரத்துல கால்வாசிகூட எறங்காது பாரேன்" என்றேன்.

"நீ பொஸ்தகத்தப் படிச்சிட்டுப் பேசுற ஆத்ரியேன். நான் பாத்துட்டுப் பேசுறேன். வேகமா வர்ற சின்னக் குண்டு பட்ட எடத்துல மூஞ்சி நசுங்கிச் செதறிப்புடும். கனமானது மெதுவாத்தான் வரும், ஆனா போயிக்கிட்டே இருக்கும். நெல்லு மூட்டை ஏத்துன வண்டி சரிவுல எறங்குறப்ப முன்னாடி நின்னு கையக் குடுத்துப் பாரு, தெரியும்."

"வண்டியும் குண்டும் ஒண்ணாடா?"

"மரத்துக்குப் பின்னாடி ஆளு இருக்கான்னு பாத்துக்க. அவ்வளவுதான் சொல்லுவேன்."

படிக்காதவன் பேச்சு என்று நான் சிரித்தேன். சார்ல் கோபித்துக்கொண்டு அன்று என் காசில் குடிக்க மறுத்துவிட்டான்.

எழுபத்தாறு ஜனவரி, பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு. சம்பா கதிர் சாய்ந்து நின்றது. பூசை கண்டு வந்தேன், காப்பி குடித்தேன், புதுத் தோட்டாக்கள் நான்கில் ஒன்றைப் போட்டு மொட்டைத் தென்னையைச் சுட்டேன். சத்தம் வழக்கத்தைவிடக் கம்மியாக, பொத்தென்று இருந்தது. அதே சமயம் அந்தப் பக்கம் கருப்பையனும் கொக்கு விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டிருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. பிறகு காசியம்மாவின் அலறல் கேட்டது. அவள் கருப்பையனுக்குப் பக்கத்து வீடு.

நான் ஓடவில்லை. முதலில் மரத்துக்குப் போனேன். பழைய குண்டுகள் துளைத்த ஓட்டைகளுக்கு நடுவே புதிதாக ஒன்று. அதில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வயல் தெரிந்தது, வயலுக்கு அப்பால் கீற்றுச் சுவர் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பயந்தேன். அதை நான் மறைக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

பிறகு போய்ப் பார்த்தேன். அல்லி அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். வாசலில் கருப்பையன் சாராய வாடையோடு துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி, "நான் மேலதானே சுட்டேன், மேலதானே சுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றான். உனக்கு நாலு வயசு. ஒரு கோழிக்குஞ்சை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றாய். ரோசலி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டாள். அன்று தூக்கியவள்தான், சாகும்வரை இறக்கிவிடவில்லை.

அதற்கு முந்தின நாள் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. "ஒன்னச் சுட்டுப்புடுவேன்டி" என்று அவன் கத்தியதைக் காசியம்மா கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லை அவன் மாசத்துக்கு நாலு தடவை சொல்வான். தெருவே கேட்டுச் சிரிக்கும். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

"முசியே, தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊர்ல தோட்டா வெவரம் தெரிஞ்சவங்க ஒங்களவிட்டா யாரும் இல்ல. ஒங்க தோப்பும் அதே நேர்ல இருக்கு. கேக்கவேண்டியது என் கடமை."

"கேளுங்க. நானும் நேத்து ஒரு தோட்டா சுட்டேன். அதோ, அந்த மரத்துலதான். நானே செஞ்ச தோட்டா" என்றேன்.

நானாகச் சொன்னதில் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது. நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை என்பதைக் கவனி. அவர் அந்த மரத்தைத் தாண்டிக் குண்டு போகுமா என்று கேட்டார். சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்றேன். புதிதாக ஒரு மண்பானையை எடுத்து, முள்வேலிக்குள் நானே நுழைந்து, மரத்தின் பின்பக்கம் கயிற்றால் கட்டினேன். குண்டு தாண்டினால் பானை உடையும். இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள்கள், ஊர்க்காரர்கள் பத்துப் பேர் எல்லோர் முன்னாலும் கம்பெனித் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டேன். பானை அப்படியே இருந்தது. கட்டியிருந்த இடத்தில் பானை மறைத்த மரப்பட்டையில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. முள் அதிகம்.

"கம்பெனித் தோட்டாவே தாண்டலையே. நீங்க செஞ்சதுக்கு எவ்வளவு சக்தி இருக்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுல பாதிதான் இருக்கும்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். பாதி சக்தி என்பது சத்தியமான உண்மை. அது தாண்டாது என்று நான் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டார். நானும் முந்தின நாள் காலைவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். என் தோட்டா இன்னும் மூன்று மேஜை இழுப்பறையில் இருந்தன. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அல்லியின் உடம்பிலிருந்து எடுத்தது நசுங்கிய ஈயம். அதில் எந்தத் துப்பாக்கியின் அடையாளமும் தேறவில்லை. அதே மாதிரி ஈயக் குண்டுகள் ஏழெட்டு கருப்பையன் வீட்டுக் கலயத்தில் அகப்பட்டன. அவை எனக்காக அவன் டவுனிலிருந்து வாங்கி வந்ததில் மிஞ்சியவை. "எனக்குப் போதும், மிச்சத்த நீ வச்சுக்க, ஒன் வீச்சுவலைக்கு ஆவும்" என்று நான்தான் சொன்னேன். கோர்ட்டில் அவன் வக்கீல் இதைப் பற்றி என்னைக் கேட்டார்.

"கருப்பையன் உங்களுக்கு ஈயம் வாங்கித் தந்தது உண்டா?"

"உண்டு."

"நீங்கள் கேட்ட அளவு உங்களுக்கு வந்து சேர்ந்ததா?"

"முழுவதும் வந்து சேர்ந்தது."

அவர் உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை அவன் எப்படி வைத்திருந்தான் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பிறகு அரசாங்க வக்கீல் எழுந்து ஆற்றலைப் பற்றிக் கேட்டார். அட்டவணையைச் சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்து அட்டவணை என்றதும் நீதிபதிகூடப் பேனாவை எடுத்தார். கூண்டில் நின்ற கருப்பையன் வாயைத் திறந்துகொண்டு நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஆயுள் தண்டனை என்று தீர்ப்பாயிற்று.

அன்று சாயந்திரம் சங்கத்தில் சார்ல் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். பிறகு, "கனமான குண்டாடா?" என்று மட்டும் கேட்டான். நான் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் மேலே கேட்கவில்லை. பட்டாளத்தானைப் பட்டாளத்தான் போலீஸுக்குக் காட்டிக்கொடுப்பது எங்களிடத்தில் வழக்கமில்லை. வேறு சாதிப் பெண்ணைக் கட்டியவனைச் சாதிவிட்டுத் தள்ளுகிற மாதிரி, காட்டிக்கொடுத்தவனைத் தள்ளிவிடுவார்கள். ஆறு மாதத்தில் சார்ல் மகனோடு இருக்கப் போகிறேன் என்று பிரான்சுக்குப் போய்விட்டான். விடைபெற என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

சொல்லிவிட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். தவறிப் பட்டதுதானே, சொன்னால் என்ன ஆகியிருக்கும் என்பாய். நானும் பல தடவை யோசித்திருக்கிறேன். முதல் வாரம் பயம். அடுத்த வாரம், ஆர்முரியேவுக்கே தன் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை என்று ஊர் சிரிக்குமே என்கிற கூச்சம். அதற்கடுத்த வாரம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டாய். ரோசலி உனக்குத் தலை பின்னிக்கொண்டே பாடினாள். பதிமூன்று வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. அதன் பிறகு சொல்வது என்றால் உங்கள் இரண்டு பேரையும் பிரிப்பது என்றுதான் அர்த்தம்.

உன்னை நாங்கள் முறையாகத்தான் தத்தெடுத்தோம். ஜெயிலுக்குப் போய் கருப்பையனிடம் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒங்க புள்ளையா இருந்தா நல்லா இருக்குங்க முசியே. நீங்க மகராசனா இருக்கணும்" என்று அழுதுகொண்டே பெருவிரலை வைத்தான். வருஷா வருஷம் தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயரைக்கூட மாற்றவில்லை. ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சாமியார் சொன்னபோது, பெரியவளானதும் அவளே முடிவு செய்யட்டும் என்றேன். உன் அம்மாவை யார் கொன்றது என்று பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சொல்லி நீ அழுதுகொண்டு வந்த அன்று, அது உண்மையா என்று என்னைக் கேட்டாய். "கோர்ட்டில் அப்படித்தான் தீர்ப்பாயிற்று" என்று பதில் சொன்னேன். உனக்கு ஏழு வயசு.

ரோசலிக்குத் தெரிந்திருக்கலாம். எழுபத்தாறுக்குப் பிறகு துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். வருஷத்துக்கு ஒருமுறை ஜனவரியில் அல்லி என்று பெயர் சொல்லி ஒரு பூசை வைத்தாள். கோவிலுக்கே வராதவளுக்கு என்ன பூசை என்று நான் கேட்டதற்கு, "வக்கிறவங்களுக்காகவும் வப்பாங்க" என்றாள். எண்பத்தைந்தில் அவள் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தாள். நீ உள்ளே வந்துவிட்டாய்.

மொட்டைத் தென்னை எழுபத்தேழு புயலில் சாய்ந்தது. வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகப் போட ஊர்க்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தேன். மறைக்கிற எண்ணமிருந்தால் வெட்டி அடுப்பில் வைத்திருக்க மாட்டேனா? போடும்போது நானே கூட நின்று, ஓட்டைகள் இருக்கிற பக்கம் மேலே வருமாறு புரட்டச் சொன்னேன். அதன்மேல் மண் கொட்டி மிதித்தார்கள். பத்து வருஷம் நடந்து நடந்து மண் போயிருக்கிறது.

எண்பத்தேழு மார்ச்சில் கருப்பையனை விட்டார்கள். தலை முழுக்க வெள்ளை. உன்னைப் பார்க்க வந்தான், நீ அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாய். அவன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். பதினைந்து நாள் கழித்து மத்தியானத்தில் மறுபடி வந்தான். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். கையில் ஈர வீச்சுவலை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"முசியே, அந்தப் பாலத்து மரத்துல ஓட்டை இருக்குங்க. அடியில நின்னு வலை அலசுனேன். மேல வெயிலு வட்டமாத் தெரியுது. மேல ஏறிக் குச்சி விட்டுப் பாத்தேன், மத்த ஓட்டையெல்லாம் பாதியில நிக்குது. அது ஒண்ணு மட்டும் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போவுது."

நான் எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"ஒங்களச் சொல்லலைங்க. சாமி சத்தியமாச் சொல்லலை. ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். அதான் கேக்குறேன். நான் கொல்லலைன்னு எம்மவகிட்ட ஒரு வார்த்த நீங்க சொன்னாப் போதுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

தையல், அப்போது நான் சொல்லியிருக்கலாம். அவன் என்மேல் கையை ஓங்கியிருக்கமாட்டான். அந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போயிருப்பான். ஆனால் நாலு மணிக்கு நீ வருவாய். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு "பப்பா" என்று கூப்பிடுவாய். அன்றைக்கு அந்தக் குரல் கேட்காமல் போகும் என்று நினைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"வாய்க்கால்ல பத்து வருஷம் கெடந்த மரம் கருப்பையா. ஓட்டை விழ எத்தனையோ காரணம் இருக்கும்" என்றேன். அது உண்மைதானே. பிறகு கேட்டேன். "அன்னிக்குக் குடிச்சிருந்தியா?"

"ஆமாங்க."

"துப்பாக்கியில என்ன போட்டே?"

"கொக்குக்குப் போடுற பொடிக்குண்டுதாங்க... எனக்கு நெனப்பு இருக்குற வரைக்கும்."

"ஒன் மடியில வலைக்குண்டு இருந்துச்சா?"

அவன் யோசித்தான். "இருந்திருக்கும்ங்க."

"குடிச்ச கையில எது வந்துச்சுன்னு ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

நான் அவனுக்கு உந்தத்தை விளக்கினேன். கோர்ட்டில் நான் சொல்லாத பாதி அது. மெதுவாகப் போகிற குண்டு வலுவில்லாதது என்று நினைக்கக் கூடாது. கனமாக இருந்தால் அது எதிலாவது உரசித் திரும்பினாலும் போய்க்கொண்டேதான் இருக்கும் என்றேன். நெல் வண்டியைச் சொன்னேன். அவனுக்கு நெல் வண்டி தெரியும். வரப்பில் அப்போது ஒரு பனை நின்றதே, மேலே பார்த்துச் சுட்டது அதில் பட்டுத் திரும்பியிருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். இதே உந்தத்தை என் குண்டுக்கும் போட்டுப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

வலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப நாந்தானுங்களா" என்றான்.

"வேணும்னு செய்யலையே நீ."

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க." அவன் என் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "பதினோரு வருஷமா நான் இல்ல நான் இல்லன்னு சொல்லிச் சொல்லி வாயி வலிச்சுப்போச்சுங்க. இப்ப எறங்கிப்போச்சு. நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

மறுநாள் அவன் உன் முன்னால் வந்து நின்று, "ஒங்கம்மாவக் கொன்னது நாந்தாம்மா. தெரியாமச் செஞ்சுப்புட்டேன்" என்று கைகூப்பிச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். கோர்ட்டு சொன்னபோதுகூட உன் மனசில் எங்கோ ஒரு சந்தேகம் இருந்தது என்று எனக்குத் தெரியும். அன்றோடு அது போய்விட்டது. அவன் முகத்தைப் பார்க்காமலே நீ உள்ளே போனாய். இரண்டு வருஷமாயிற்று, ஒரு வார்த்தை பேசவில்லை. நம் தோப்புக்குக் காவலாக அவனை நான்தான் வைத்துக்கொண்டேன். தினமும் உனக்கென்று ஓர் இளநீர் சீவி வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். நீ தொடுவதில்லை. வீணாக வேண்டாம் என்று அதை நான் குடிக்கிறேன்.

வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டேன். உன் அம்மா அல்லியைக் கொன்றது என் குண்டு. உன் அப்பா கருப்பையன் ஒரு குற்றமும் செய்யாதவன். அவனை ஜெயிலுக்கு அனுப்பியது என் சாட்சியம். தானே கொலைகாரன் என்று அவனை நம்பவைத்தது என் வாய். முதலாவது தவறிப் பட்டது. மற்ற இரண்டும் தவறிப் படவில்லை.

அடுத்த மாதம் நீ படிக்க பிரான்சுக்குப் போகிறாய். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை உறையில் போட்டு அரக்கு வைத்து நாளைக்குப் பத்திரங்களைக் காத்துவைக்கிற நொத்தேரிடம் கொடுக்கப்போகிறேன். நானும் கருப்பையனும் இரண்டு பேருமே செத்த பிறகு உன்னிடம் சேர்க்கும்படி மேலே எழுதியிருக்கிறேன். கருப்பையன் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறான். அவன் உயிரோடு இருக்கும்போது அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், ஆனால் ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: உன் பப்பா உண்மையைச் சொல்ல ஒருநாளும் பயந்ததில்லை, யாரும் சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.